முள்ளியவளை மாரியும் மடத்துப் பனிக்காலமும்

ஆண்டுதோறும் கார்த்திகை பிறந்ததும் நம் கத்தோலிக்க நண்பர்களின் கைகளிற் சில சிறு நூல்கள் உலவத் தொடங்கும். நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத் தியானத்துக்கென மேனாட்டுத் துறவியர் மடங்களின் ஏடுகளிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை அவை. இலையுதிர்ந்த மரம், வெண்பனி மூடிய முற்றம், கணப்படுப்பின் அருகே கம்பளிக்குள் ஒடுங்கியிருக்கும் துறவி, உறங்கும் நிலம், அந்த நிலத்தைப் போலவே ஆன்மாவும் ஓய்ந்து அடங்கித் தன்னுள் ஆழவேண்டும் என்னும் அறிவுரை. மொழிபெயர்ப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அச்சையும் குறைசொல்வதற்கில்லை. ஆனால், அந்நூலைக் கையிலெடுக்கும் முள்ளியவளைக் கமக்காரனின் நிலம் அந்நேரத்தில் உறங்கிக்கொண்டிருப்பதில்லை.

வன்னிக்குக் கார்த்திகையும் மார்கழியும் மாரி. வாடைக்காற்று வங்கக் கடலிலிருந்து மழையைத் தள்ளிக்கொண்டு வரும். புரட்டாதி, ஐப்பசியிற் புழுதியில் விதைத்த காலபோக நெல் அப்போதுதான் பச்சை பிடித்து நிற்கும். தண்ணிமுறிப்புக் குளமும் முத்தையன்கட்டுக் குளமும் நீரேறி அலைமோதும். வரம்பு உடையும், உடைந்த வரம்பை அந்த இரவிலேயே கட்டியாகவேண்டும். களை வளரும், இடுப்பொடியக் குனிந்து பெண்கள் அதைப் பிடுங்கவேண்டும். காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் அஞ்சிக் காவற்கொட்டிலில் விடியும்வரை கண்விழிக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையிலோ வாடை வலுத்தால் வள்ளம் இறங்காது. கடற்றொழிலாளி வீட்டிற் கடன் ஏறும். ஐரோப்பிய உழவனுக்குப் பனிக்காலம், அறுவடை முடிந்து களஞ்சியம் நிரம்பிய பின் வரும் ஓய்வு. வன்னி உழவனுக்கு மாரி, களஞ்சியம் வெறுமையான பின் வரும் உழைப்பு. போன போகத்து நெல் தீர்ந்து, வரும் போகத்து நெல் மாசியில் அறுவடையாகும்வரை அரை வயிற்றோடு கழியும் நாட்கள் இவை. 'நிலத்தைப் போல ஓய்ந்திரு' என்று இவனிடம் சொல்பவர், நிலத்தையும் அறியார், இவனையும் அறியார்.

பாலன் குடிலின் மேற் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி என்று சொல்லும் வழக்கத்தை நாம் பெரிதுபடுத்த விரும்பவில்லை. அது சிறுவர் விளையாட்டு, இருந்துவிட்டுப் போகட்டும். பஞ்சுப்பனி நெஞ்சுக்குள்ளும் விழுந்து மூடுவதே நாம் எதிர்க்கும் காரியம். ஏனெனில் முள்ளியவளையின் மாரிக்கு வேறொரு நினைவும் உண்டு.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிச் சென்றது. எஞ்சியோர் ஓடிவந்தது உட்புறமாகிய முள்ளியவளைப் பக்கந்தான். 2008 நவம்பர் இறுதியில், போருக்குள்ளேயே நிஷா என்னும் புயலும் வந்தது. இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் இருந்தவர்களின் அடுப்பும் பாயும் வெள்ளத்தில் மிதந்தன. அதே டிசம்பர் இறுதியில் முள்ளியவளை படையினர் கைக்கு மாறிற்று. ஊரவர் அதற்கு முன்பே பொதிகளைத் தலையிற் சுமந்து புதுக்குடியிருப்பை நோக்கி நடந்துவிட்டனர். ஐந்து மாதம் கழித்து அந்த நடை எங்கே முடிந்தது என்பதை உலகம் அறியும். கத்தோலிக்க மரபில் நவம்பர், இறந்தோரின் மாதம். நவம்பர் 2 அவர்களுக்குரிய திருநாள். அதே மாதம் 27ஆம் நாள், போரில் மாண்ட பிள்ளைகளுக்காகப் பெற்றோர் முள்ளியவளைத் துயிலும் இல்லத்து மண்ணில் விளக்கேற்றுகின்றனர். அங்கிருந்த கல்லறைகளோ போருக்குப்பின் தகர்க்கப்பட்டவை. பிள்ளையின் அரசியலைப்பற்றி யார் என்ன தீர்ப்புச் சொன்னாலும், தாயின் விளக்கு மழையில் அணைந்து அணைந்து எரிகிறது. இந்த ஊருக்குப் பனிக்கால அமைதியைப் போதிக்கக் கிளம்புவோர் முதலில் அந்த விளக்கருகே சிறிது நேரம் நனைந்து நிற்கட்டும்.

தியானம் வேண்டாம் என்பது நம் கட்சி என்று யாரும் அவசரப்பட்டுவிட வேண்டாம். மார்கழி வைகறையிற் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடித் தெருவில் வரும் சிறுவரின் குரலில், உறக்கம் கலைந்த உழவன் ஒருகணம் தன்னை மறப்பதை நாம் அறிவோம். மடத்துத் துறவியும் அதே வைகறையில்தான் எழுகிறான். மனிதன் தன் நாளைப் பார்த்து நிற்க ஒரு நேரம் வேண்டும். அந்த நேரத்தை யாருடைய உழைப்பு வாங்கித் தருகிறது என்பதே நாம் கேட்கும் கேள்வி.

இக்கேள்வியை முதலிற் கேட்டவர்கள் நாமல்லர். மேற்கத்தியத் துறவியர் மடங்களுக்கெல்லாம் ஒழுங்கு வகுத்த ஆசீர்வாதப்பரே, 6ஆம் நூற்றாண்டில், போரும் பஞ்சமும் சூழ்ந்த இத்தாலியில் இருந்துகொண்டு அதைக் கேட்டார். அவர் எழுதிய ஒழுங்குநூலை இன்று தியானப் புத்தகம் விற்போர் எத்தனை பேர் புரட்டியிருக்கின்றனரோ, தெரியவில்லை. பனிக்காலத்தை அவர் அணிந்துரைக்குரிய பொருளாக வைக்கவில்லை. கால அட்டவணைக்குரிய பொருளாக வைத்தார். நவம்பர் முதல் நாள் தொடங்கி உயிர்த்தெழுந்த திருநாள் வரை இரவின் எட்டாம் மணியில் எழவேண்டும். இரவு நீளமாதலால், பாதியிரவுக்குச் சற்று மேலாக உறங்கி உண்டது செரித்த பின் எழலாம். காலையில் இரண்டாம் மணிவரை வாசிப்பு; பின்னர் ஒன்பதாம் மணிவரை, அதாவது பிற்பகல் மூன்று மணியளவுவரை, அவரவர்க்கு இட்ட வேலை. செப்டெம்பர் நடுவிலிருந்து தவக்காலம் வரை ஒரே வேளை உணவு, அதுவும் ஒன்பதாம் மணியில். உடை எப்படி? அந்தந்த இடத்தின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப. குளிர் நாட்டிற் கூடுதலாக, வெப்ப நாட்டிற் குறைவாக. நாட்டின் காற்றைப் பார்த்துச் சட்டையைத் தை என்று ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன மனிதரின் பெயரால், பனியே காணாத வன்னிக்குப் பனித் தியானம் இறக்குமதியாகிறது!

அதற்கும் மேலாக ஒன்று சொன்னார். இடத்தின் தேவையோ வறுமையோ காரணமாகத் துறவிகள் தாமே இறங்கி அறுவடை செய்ய நேர்ந்தால் வருந்தக் கூடாது. தம் கையின் உழைப்பால் உண்ணும்போதே அவர்கள் மெய்யான துறவிகள் என்பது அவர் கருத்து. மடத்தின் தலைவன், அடிமையாயிருந்து வந்தவனைவிடச் சுதந்திரனாய்ப் பிறந்தவனை உயர்த்தி வைக்கலாகாது என்றும் விதித்தார். அடிமை முறையே நாட்டின் அச்சாணியாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது இது என்பதை மறத்தலாகாது.

இங்கே நம் பக்கத்துத் தோழர் ஒருவர் குறுக்கிடுவார், குறுக்கிடவும் வேண்டும். "ஏட்டிலே எழுதியது இருக்கட்டும், மடங்கள் நடந்தது எப்படி?" என்பார். நியாயமே. ஐரோப்பிய மடங்கள் பல காலப்போக்கில் நிலப்பிரபுக்களாயின. துறவி பாட, குடியானவன் உழுதான். அதை வெறுத்துக் கைவேலைக்குத் திரும்புவோம் என்று 1098இல் தொடங்கிய சிஸ்டேசியர் சபையிலும், பாடும் துறவி வேறு, உழைக்கும் சகோதரன் வேறு என்று இரண்டு வரிசை உண்டாயிற்று. நம் தமிழ்நாட்டுச் சைவ மடங்களின் நிலக்கணக்கைப் பற்றித் தனியே எழுதவேண்டியதில்லை. இவ்வளவும் மெய். ஆயினும் துறவு மடம் என்றாலே சோம்பேறிகளின் சத்திரம் என்று ஒரே மூச்சிற் சொல்லிக் கைகழுவுவது ஆராய்ச்சியும் அன்று, அரசியலும் அன்று. 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அந்த நிலம் யார் கைக்குப் போயிற்று? உழுதவன் கைக்கா? அரசவைப் பிரபுக்களும் பணம் படைத்தவரும் அதை வாங்கிக்கொண்டனர். ஒரு மடத்தை எடைபோட வேண்டுமாயின் அதன் வயலையும் அடுக்களையையும் பார்க்கவேண்டும்.

அப்படிப் பார்க்கத்தக்க மடம் ஒன்று நம் வடக்கிலேயே இருக்கிறது. ஐரோப்பியத் துறவியர் நம் தீவுக்கு முன்பே வந்திருந்தனர். ஆசீர்வாதப்பர் வழிவந்த சில்வெஸ்திரியர் 1845இலேயே வந்தவர்கள், கண்டியில் மடம் அமைத்தவர்கள். ஆயினும் தமிழர் ஒருவர், தமிழ் மண்ணில், இம்மண்ணின் பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிய தியானச் சபை யாழ்ப்பாணத்து வசாவிளானை அடுத்த தோலகட்டியில் எழுந்தது. தொடங்கியவர் அமலமரித் தியாகிகள் சபைக் குருவான தோமஸ் அடிகளார். 1886இற் பிறந்து 1964இல் மறைந்தவர். மறைபரப்பு நாடுகளில் அந்நாட்டவரைக் கொண்டே தியானச் சபைகள் எழவேண்டும் என்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1926இற் சுற்றுமடல் விடுத்திருந்தார். யாழ்ப்பாண ஆயராயிருந்த கியோமார் ஆண்டகையின் இசைவோடு 1928 பெப்ரவரி 2இல் செபமாலைத் தாசர் சபை தொடங்கிற்று. இரவும் பகலும் ஒருவர் மாற்றி ஒருவராகச் செபமாலை தொடர்ந்துகொண்டே இருக்கவேண்டும்; மௌனம் காக்கவேண்டும்; கையால் உழைக்கவேண்டும். இதுவே அவர்கள் வாழ்வு.

அந்த ஆண்டின் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1927 நவம்பர் இறுதியில்தான் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து, தீண்டாமையை ஒழியுங்கள் என்று கேட்டுவிட்டுச் சென்றிருந்தார். மாலை போட்டவர் பலர். கேட்டபடி செய்தவர் சிலர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், பள்ளிக்கூடத்திற் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாங்கில் அமரலாம் என்று சமஆசனம் வந்தபோது பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்த சமுதாயம் இது. கத்தோலிக்கக் கோவிலுக்குள்ளும் இன்ன சாதியார் இன்ன இடத்தில் என்று கோடு கிழித்திருந்த ஊர்கள் இருந்தன. ஞானஸ்நானத் தண்ணீர் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. இப்படிப்பட்ட நாட்டில், சாதி பாராமல் இளைஞரைச் சேர்த்து, ஒரே கூரையின் கீழ் உறங்க வைத்து, ஒரே மேசையில் உண்ண வைத்து, ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடிக்க வைத்தார் தோமஸ் அடிகளார். நிலம் வெட்டுவது இன்னாருக்கு, செபம் சொல்வது இன்னாருக்கு என்ற பிரிவினைக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

இதன் அளவை உணரவேண்டுமாயின் நாற்பது ஆண்டு முன்னே செல்லுங்கள். தோலகட்டியிலிருந்து அதிக தூரமில்லாத மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் 1968இல் என்ன நடந்தது? 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பதினொரு ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தும், தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் நுழைய முயன்றபோது கதவு அடைக்கப்பட்டது. படித்த பெருமக்கள் சிலர் வாசலைக் காத்து நின்றனர். தேநீர்க் கடையில் ஒரு கோப்பைக்காக இரத்தம் சிந்தவேண்டியிருந்த காலம் அது. நாற்பது ஆண்டுக்கு முன்னமே ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்த அந்தப் பொது மேசையை நம் முற்போக்கு ஏடுகள் எத்தனை முறை எழுதின? மதத்தின் பக்கமிருந்து வந்தது என்பதற்காக நாம் அதைக் காணாமல் விட்டோம். குற்றம் நம்முடையது, ஒப்புக்கொள்வோம்.

ஆனால் அடியார்களின் குற்றம் இதைவிடப் பெரிது. தோமஸ் அடிகளாரை இன்று 'இறை ஊழியர்' என்று அழைக்கின்றனர். பீடத்தில் ஏற்றும் நாளுக்காகச் செபிக்கின்றனர். செபிக்கட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால் அவருக்காக நவநாள் சொல்லி எழுந்து வரும் குடும்பங்களில் எத்தனை, மகளுக்கு மணம் பேசும்போது சாதி விசாரிப்பதை நிறுத்திவிட்டன? அவருடைய தவத்தைப் பற்றி எழுதுவோர் அவருடைய பந்தியைப் பற்றி எழுதும்போது ஏன் குரலைத் தாழ்த்துகின்றனர்? தோலகட்டிக்குப் போய் நெல்லிரசப் போத்தலை வாங்கிக்கொண்டு வருவோர் ஏராளம். அந்த நெல்லியைப் பிழிந்த கையும், திராட்சைப் பந்தலுக்கு நீர் இறைத்த கையும் எந்தெந்தக் குடிசைகளிலிருந்து வந்து அங்கே ஒன்றாயின என்று நினைத்துப் பார்ப்போர் அரிதினும் அரிது.

அந்த மடமும் போருக்குத் தப்பவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது துறவிகளும் பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயர் அந்த மண்ணுக்கு வந்தது. கொடி கவனிப்பாரற்றது, பல ஆண்டுகள் கழிந்த பின்னரே திரும்பிவர முடிந்தது. நிலத்தை இழந்த துறவியும் நிலத்தை இழந்த குடியானவனும் ஒரே நிலைக்கு வந்த காலம் அது. 'பற்றறுத்தவனுக்கு நிலம் எதற்கு' என்று ஒருவர் கேட்கலாம். கையால் உழைத்து உண்ணும் துறவிக்கு மண்வெட்டி இறக்க மண் வேண்டும். மண்ணைப் பறித்தபின் அவன் பிச்சைக்காரனாகவோ செல்வரின் விருந்தாளியாகவோதான் இருக்கமுடியும்.

இந்த இடத்தில் முள்ளியவளைக்குத் திரும்புவோம். அதற்கு அண்மையிலுள்ள கேப்பாப்புலவு மக்கள், 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டபோது, தங்கள் ஊருக்குப் போகிறோம் என்றே நினைத்தனர். ஊரில் இராணுவ முகாம் இருந்தது. அவர்கள் வேறோர் இடத்தில் இறக்கிவிடப்பட்டனர். 2017 மார்ச் முதல் நாள் தம் காணியின் எதிரே தெருவோரத்தில் அமர்ந்தனர். வெயில் போயிற்று, சோளகம் போயிற்று, மாரி வந்தது. தறப்பாளின் கீழிருந்து எழவில்லை. அவ்வாண்டு நத்தாருக்கு மூன்று நாள் கழித்து, டிசம்பர் 28இல், காணியில் ஒரு பகுதி விடப்பட்டது. அதே மார்ச் 8ஆம் நாளிலிருந்து முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் அமர்ந்தனர். பிள்ளையின் படத்தை மடியில் வைத்து, பேச்சற்று, நாள் தவறாமல், முறைவைத்து, மழையிலும் பனியிலும் ஓரிடத்தில் இருந்த இவர்களுடைய வாழ்வுக்கும், மாற்றி மாற்றி முழந்தாளிட்டுச் செபமாலை அறுந்துவிடாமற் காக்கும் தோலகட்டித் துறவியின் வாழ்வுக்கும் எவ்வளவு ஒற்றுமை! பனிக்காலத் தியானத்துக்கு வன்னியில் உதாரணம் தேடுவோருக்கு ஆல்ப்சு மலைவரை போகும் செலவு மிச்சம்.

மௌனம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'துறவி பேசலாகாது, அரசியல் அவன் வேலையன்று' என்று ஒரு சாரார் சொல்வர். அமெரிக்காவின் கெந்தக்கி மாநிலத்து மடமொன்றில் வாழ்ந்த தோமஸ் மேர்ட்டன் என்னும் துறவி, அணுக்குண்டுப் போரை எதிர்த்து எழுதியபோது அவருடைய சபை மேலிடமும் இதையே சொல்லிற்று. 1962இல் அவ்விடயத்தில் நூல் வெளியிடலாகாது என்று தடுத்தது. அவர் கீழ்ப்படிந்தார், அச்சிடாமல் தட்டச்சுப் பிரதிகளாக நண்பர்களுக்கு அனுப்பினார். 1968 டிசம்பர் தொடக்கத்திற் பொலனறுவைக்கு வந்து கல்விகாரைச் சிலைகளின் முன் வெறுங்காலோடு நின்றவர், அதே மாதம் 10ஆம் நாள் பாங்கொக்கில் இறந்தார். அவர் எழுதிய நூல் அச்சேறியது 2004இல். அந்த 42 ஆண்டு மௌனம் யாருக்குப் பயன்பட்டது? தானே ஏற்கும் மௌனம் வேறு. வாயில் திணிக்கப்படும் மௌனம் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவது அதிகாரத்துக்கு வசதியாயிருக்கிறது.

நம் மண்ணிலும் உண்டு. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், 2009 மே 18இல், முள்ளியவளையிலிருந்து அதிக தூரமில்லாத வட்டுவாகலிற் சரணடைந்தவர்களோடு பேருந்தில் ஏற்றப்பட்டதைக் கண்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கின்றனர். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. ஓடித் தப்பியிருக்கக்கூடிய ஒருவர் மக்களோடு கடைசிவரை இருந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. இறந்தோர் மாதத்தில் இவருடைய பெயரைச் சொல்வதா, காணாமற்போனோர் வரிசையில் வைப்பதா என்று தெரியாமல், எல்லாப் பெயர்களையும் தவிர்த்துவிட்டுப் 'பனியைப் போல் தூய மனம்' பற்றிப் பிரசங்கிக்கும் பீடங்களை என்னென்பது!

ஆகவே தியான நூல் அச்சிடும் நண்பர்களிடம் நாம் கேட்பது அதிகமன்று. அடுத்த திருவருகைக் காலத்துக்குப் புதிய நூல் ஒன்றைத் தமிழிலேயே எழுதுங்கள். அதில் வரம்பு கட்டும் இரவு இருக்கட்டும். களைபிடுங்கும் பெண்ணின் கூலி எவ்வளவென்று இருக்கட்டும். குளம் வான் பாயும் நாளில் கோவில் மண்டபத்தின் கதவு எத்தனை மணிக்குத் திறக்கப்படும் என்றும், உள்ளே பாய் விரிக்கும்போது யாருக்கு எந்த மூலை என்ற பேச்சு எழாது என்றும் முதற் பக்கத்திலேயே போடுங்கள். தோலகட்டிச் சபை தொடங்கிய பெப்ரவரி 2ஆம் நாள், குழந்தை இயேசுவை ஆலயத்தில் ஒப்புக்கொடுத்த திருநாள். மெழுகுவர்த்தி மந்திரித்துக் கொடுக்கும் நாள். அதற்குள் வன்னியில் மழை ஓய்ந்து, வயல் மஞ்சளாகி, அரிவாள் தீட்டும் ஓசை கேட்கத் தொடங்கியிருக்கும். அந்தக் காலையில் முள்ளியவளை வயலொன்றில் இறங்கி, சாமம் வரை அந்த வரிசையில் நின்று அரிந்துவிட்டு, மாலையில் அமர்ந்து கடைசி அதிகாரத்தை எழுதுங்கள். நாம் வாங்கிப் படிக்கிறோம்.